பழைய உடுப்பும் கத்தரிக்கோலும்

காப்பாற்றுதல் என்றால் என்ன? ஒன்றை இருந்தபடியே இருக்க விடுவதா? அல்லது அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைத் தொடர்ந்து செய்ய வைப்பதா? வீடு, கிணறு, பழக்கம், மொழி என்று எதைப் பற்றியும் இக்கேள்வியைக் கேட்கலாம். நான் இதைப் பழைய உடுப்புகளை முன்வைத்துக் கேட்க விரும்புகிறேன். காரணம் எளிது. ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன் தைக்கப்பட்ட கவுண்களைத் தேடி எடுத்து, பிரித்து, வெட்டி, இன்று உடுக்கக்கூடியவையாக மாற்றித் தைப்பது பல வருடங்களாக என் வேலையாகவும் விருப்பமாகவும் இருந்து வருகிறது. இலக்கியச் சஞ்சிகையில் தையலுக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால் நிற்பது தையற் பிரச்சினை மாத்திரமல்ல. முகந்தெரியாத ஒருவர் செய்து, முகந்தெரியாத இன்னொருவர் உடுத்த ஒன்றின் மீது எனக்கு என்ன உரிமை என்ற கேள்வி அது.

முதலில் சில விபரங்களைச் சொல்லிவிடுகிறேன். மேல்நாட்டுச் சந்தையில் இருபது வருடங்களுக்கு மேற்பட்ட உடுப்பை வின்ரேஜ் என்றும், நூறு வருடங்களைத் தாண்டியதை அன்ரிக் என்றும் சொல்வது வழக்கம். லண்டனில் நான் வாழ்ந்த காலத்தில், தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் கடைகளில்தான் இவற்றைத் தேடினேன். வயதான ஒருவர் இறந்ததும் பிள்ளைகள் வீட்டை ஒழிப்பார்கள். அலுமாரியில் இருந்தவை பைகளில் கட்டப்பட்டு இந்தக் கடைகளுக்கு வந்து சேரும். அங்கே போன வருடத்துப் பொலியெஸ்டர் சட்டைகளுக்கு நடுவே, சில வேளைகளில், 1950களின் பருத்திக் கவுண் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும்.

ஓர் உடுப்பின் வயதை அறிய அதன் வெளிப்புறத்தைப் பார்த்துப் பயனில்லை. உட்புறத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இடது பக்கத்தில், கையின் கீழே உலோக சிப் இருந்தால் பெரும்பாலும் அது 1960களுக்கு முந்தியது. நைலோன் சிப் பரவியது அதற்குப் பிறகுதான். கழுவும் முறையைச் சொல்லும் நிரந்தரமான லேபலை உடுப்பில் தைக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அது இல்லாத அமெரிக்க உடுப்பு அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்புண்டு. சர்வதேச மகளிர் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் லேபல் இருந்தால், அதன் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியிருப்பதைக் கொண்டு வயதை இன்னும் நெருக்கமாகச் சொல்லலாம். துணி என்னவென்று தெரியாவிட்டால் உள்ளிருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பார்ப்பேன். பருத்தி கடதாசி எரிவது போல மணத்துச் சாம்பலாகும். பட்டு மயிர் கருகும் மணம் தரும். பொலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

இப்படிக் கண்டெடுத்த ஒரு கவுணை எடுத்துக்கொள்வோம். வட இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரப் பருத்தி நிறுவனமான ஹொரொக்ஸஸின் லேபல் போட்டது. வெள்ளையில் பெரிய ரோசாப் பூக்கள். கையில்லாதது. இடுப்பு மிக ஒடுக்கம்; அக்காலத்துப் பெண்கள் உள்ளே இறுக்கக் கச்சை அணிந்துதான் இவற்றை உடுத்தார்கள். கீழ்ப்பாவாடையோ பல மீற்றர் துணியை விழுங்கி அகன்றிருக்கும். 1947 பெப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் காட்டிய அகலப் பாவாடை மோஸ்தரின் விளைவு அது. எனக்கு முழுக்கை வேண்டும். நீளமும் கூட வேண்டும். இடுப்பில் மூச்சு விட இடமும் வேண்டும். எனவே பாவாடையின் அகலத்திலிருந்து இரண்டு துண்டங்களைக் கழற்றி அவற்றில் கை வெட்டலாம். கீழே மூன்றங்குலத்துக்கு உள்ளே மடித்திருப்பதை அவிழ்த்து இறக்கலாம். இடுப்பில் தையற்காரர்கள் டாட் என்று சொல்லும் பிடிப்புகளைத் தளர்த்தலாம். செய்து முடித்தால் அது நான் வெளியே உடுத்துச் செல்லக்கூடிய உடுப்பு. ஆனால் அது இனி 1950களின் கவுண் அல்ல. அப்படியானால் நான் காப்பாற்றினேனா, அழித்தேனா?

அழித்தாய் என்று சொன்னவர் என் நண்பி ஒருவர். நூதனசாலை ஒன்றில் பழைய ஆடைகளைப் பேணும் வேலை செய்பவர். அவருடைய வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. “இது ஒரு சாட்சி” என்றார் அவர். அன்றைய பெண்ணின் உடம்பு எப்படி எதிர்பார்க்கப்பட்டது, ஆலை எதை நெய்தது, தையற்காரி எவ்வளவு நேரம் செலவிட்டாள் என்பதை எல்லாம் எழுத்தில் எவரும் எழுதி வைக்கவில்லை. உடுப்பில்தான் எழுதியிருக்கிறது. புதிதாக 1950களின் கவுண் இனி ஒருபோதும் தைக்கப்படப் போவதில்லை. இருப்பது குறைந்துகொண்டே போகும். தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

சில உடுப்புகளைப் பொறுத்தவரை அவர் சொல்வது முற்றிலும் சரி. இரண்டாம் எலிசபெத் 1953இல் முடிசூடியபோது அணிந்த ஆடையில், பொதுநலவாய நாடுகளின் மலர்ச் சின்னங்களோடு சேர்த்து இலங்கைக்காகத் தாமரையும் இழைக்கப்பட்டிருந்தது. நோர்மன் ஹார்ட்னெல் வடிவமைத்த அந்த ஆடையை 1954இல் கொழும்பில் பாராளுமன்றத்தைத் திறந்து வைத்தபோதும் அவர் அணிந்தார். அதன் மீது கத்தரிக்கோல் வைப்பதை எவரும் நியாயப்படுத்த மாட்டார்கள். இன்னோர் உதாரணம் அண்மையது. 1962 மே 19இல் ஜனாதிபதி கெனடியின் பிறந்தநாள் வைபவத்தில் மர்லின் மன்றோ அணிந்து பாடிய ஆடை 2016இல் 48 இலட்சம் டொலருக்கு ஏலத்தில் போனது. 2022 மே மாதத்தில் நியூயோர்க்கில் நடந்த மெற் காலா விழாவுக்குக் கிம் கர்தாஷியன் அதைச் சில நிமிடங்கள் உடுத்து வந்தார். வெட்டவில்லை, தைக்கவில்லை, உடுத்தார், அவ்வளவுதான். அதற்கே பெரும் கண்டனம் எழுந்தது. வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஆடைகளை எவருமே அணியக் கூடாது என்று சர்வதேச நூதனசாலைகள் பேரவையின் ஆடைக் குழு அறிக்கை விட்டது. ஆடைக்குச் சேதம் ஏற்பட்டதா இல்லையா என்ற தர்க்கம் நீண்டது. ஒரே ஒரு ஆடை, ஒரே ஒரு இரவு என்றிருக்கும்போது பேணுவோரின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணமும்.

ஆனால் ஹொரொக்ஸஸ் கவுண் அப்படியல்ல. ஆலையில் தயாராகிக் கடைகளில் தொங்கியது அது. அதன் சகோதரிகள் நூதனசாலைகளில் பத்திரமாக இருக்கின்றன. இங்கேதான் நானும் நண்பியும் பிரிகிறோம். அவருடைய வாதத்தில் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது.

முதலாவது, அசல் என்ற ஒன்று மாறாமல் இருந்தது என்ற அனுமானம். ஆடைகளின் வரலாறு இதை ஆதரிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நெய்யப்பட்ட பூப்பட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் தையற்கூலி மலிவு. துணிதான் விலை கூடியது. எனவே பாட்டியின் பட்டுக் கவுணைப் பேத்தி பிரித்துத் தன் காலத்து மோஸ்தரில் தைத்துக்கொண்டாள். இன்று நூதனசாலைகளில் இருக்கும் 18ஆம் நூற்றாண்டு ஆடைகள் பலவற்றில் பழைய தையலின் ஊசித் துளைகளும், 1840களில் மாற்றித் தைத்த அடையாளங்களும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த மாற்றத்தை இன்று வரலாறு என்று மரியாதையோடு குறித்து வைக்கிறோம். அன்று பேத்தி செய்தால் வரலாறு, இன்று நான் செய்தால் அழிவா?

என் கையில் இருக்கும் கவுணை முதலில் உடுத்த தலைமுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் 1941 ஜூன் 1ஆம் திகதி உடுப்புக்குப் பங்கீடு வந்தது. முதல் வருடத்தில் ஆளுக்கு 66 கூப்பன்கள். ஒரு கம்பளிக் கவுணுக்கு மாத்திரம் 11 போய்விடும். அது 1949 மார்ச் வரை நீடித்தது. உள்ளதைக் கொண்டு சமாளித்துப் பழுதைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லும் கைநூல் ஒன்றை 1943இல் அரசாங்கமே வெளியிட்டது. ஆண்கள் போருக்குப் போன வீடுகளில் அவர்களுடைய கோட்டுகளைப் பெண்கள் தங்களுக்கேற்ப வெட்டித் தைத்தார்கள். வெட்டித் தைத்தே பழகிய அந்தப் பெண்களின் கவுணை வெட்டுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இதைவிட அடிப்படையான ஒரு காரணமும் உண்டு. என் மூத்தாப்பா மருதமுனையில் தறியில் இருந்தவர். பாவு முடிந்து புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுக்கும் நேரத்தில் அவர் யாரோடும் பேச மாட்டார். நாள் கணக்காக நாடாவை எறிந்து நெய்த ஒன்றின் மீது கத்தி படும் நேரம் அது. நெசவாளியின் கண்ணால் பார்த்தால், சாரியைத் தவிர்த்து உலகில் உள்ள உடுப்புகள் பெரும்பாலும் வெட்டிச் சிதைத்த துணிகள்தாம். கவுணைத் தைத்த முதல் தையற்காரியே முதலில் வெட்டியவள். வெட்டுவது தன்னளவில் குற்றமென்றால் அந்தக் குற்றம் என்னிடம் தொடங்கவில்லை. எந்த உடுப்பும் ஒரு முழுமை உடைந்து இன்னொரு முழுமையாக மாறிய ஒன்றுதான். கேட்க வேண்டியது, வெட்டினாயா என்பதல்ல. வெட்டியதற்கு ஈடாக என்ன செய்தாய் என்பதே.

இரண்டாவது அனுமானம் இன்னும் நுட்பமானது. அசல் வடிவத்தில் உடுத்தால்தான் மரியாதை என்று சொல்லும்போது, அந்த வடிவம் யாருடைய உடம்புக்காக, யாருடைய வாழ்க்கைக்காக வரையப்பட்டதோ அவரே அதன் நியாயமான உரித்தாளி என்று சொல்லாமல் சொல்கிறோம். 1950களில் பிரெஸ்டனில் எண்ணிப் பார்த்த பெண்களில் நான் இல்லை. என் இடுப்பும் இல்லை. முழுக்கை உடுக்கும் என் வழக்கமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கி நமது துணைக்கண்டத்தின் கைத்தறிகளை நெருக்கியது. அந்தத் துணியின் வழிவந்த ஒன்று, சுற்றிச் சுற்றி ஒரு நெசவாளியின் பேத்தியின் கைக்கு வந்திருக்கிறது. அதை அவள் தனக்கேற்ப மாற்றுவதை நான் பழிவாங்கல் என்று சொல்ல வரவில்லை. ரோசாப் பூக்கள் அழகானவை. அவற்றின் மீது எனக்குக் கோபமில்லை. அந்த அழகுக்குள் எனக்கும் ஓர் இடம் வெட்டிக்கொள்கிறேன், அவ்வளவுதான். மாற்றாமல் உடுக்க முடிந்தவர் மாற்றாமல் உடுக்கட்டும். மாற்றினால் மாத்திரமே உடுக்க முடிந்தவரிடம் “மாற்றாதே” என்பது “உனக்கில்லை” என்பதற்குச் சமம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு கூச்சம் எஞ்சியிருக்கிறது. அதை வாதத்தால் போக்க முடியாது. ஒரு கவுணைப் பிரிக்கும்போது அதை உடுத்தவள் மெல்ல வெளியே வருகிறாள். கையின் கீழே வியர்வை பட்டு மஞ்சளித்திருக்கிறது. இடுப்புத் தையல் ஒரு தடவை தளர்த்தப்பட்டு, பிறகு மீண்டும் இறுக்கப்பட்டிருக்கிறது. கர்ப்பமாக இருந்திருக்கலாம், நோயாக இருந்திருக்கலாம். கிழிந்த இடத்தில், கடைத் தையலோடு ஒட்டாத நிறத்தில், அவசரமாகப் போட்ட கைத்தையல் தெரிகிறது. கானாவின் அக்ராவில் உள்ள கண்டமாண்டோ சந்தைக்கு மேல்நாட்டுப் பழைய உடுப்புகள் பொதி பொதியாக வருகின்றன. அங்கே அவற்றுக்கு வழங்கும் பெயர், இறந்துபோன வெள்ளைக்காரரின் உடுப்பு என்று பொருள்படுவது. இவ்வளவு நல்ல உடுப்பை உயிரோடு இருப்பவர் கொடுத்திருக்க மாட்டார் என்று எண்ணி வந்த பெயராம். லண்டன் கடைகளில் நான் எடுத்தவற்றைப் பொறுத்தவரை அந்தப் பெயர் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் உண்மை.

இறந்தவளிடம் அனுமதி கேட்க முடியாது. அவளுக்கு நான் கீழ்ப்படியக் கடமைப்பட்டவளும் அல்ல. அவள் வைத்த நீளத்தில்தான் நான் உடுக்க வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லாது. ஆனால் ஒன்று இருக்கிறது: கவனம். அவள் இருந்தாள் என்பதை அறிந்துகொண்டு வெட்டுவதற்கும், துணி என்று மாத்திரம் எண்ணி வெட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. விளைவு ஒன்றாகவே இருக்கலாம், செயல் ஒன்றல்ல. அவள் போட்ட கைத்தையலை, வலுவாக இருந்தால், நான் அப்படியே விட்டுவிடுகிறேன். இறக்கிய கீழ்மடிப்பின் பழைய கோடு எவ்வளவு கழுவினாலும் இலேசில் போவதில்லை. அதை மறைக்க நாடா வைத்துத் தைக்கலாம், நான் தைப்பதில்லை. முன்னால் ஒருவர் இருந்தார் என்பதை அந்தக் கோடு சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

இதுவரை விருப்பத்தால் மாற்றித் தைப்பதைப் பற்றியே பேசினேன். கதியற்று மாற்றித் தைப்பது வேறு. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது மருதமுனையில் ஆட்களோடும் வீடுகளோடும் தறிகளும் போயின. பிறகு உலகின் பல திசைகளிலிருந்தும் நிவாரணம் வந்தது. அதில் பழைய உடுப்புகள் மூட்டை மூட்டையாக இருந்தன. தந்தவர்களின் மனதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மூட்டைகளுக்குள் பனிக்காலத்துக் கோட்டுகள் இருந்தன. எங்கள் பெண்கள் உடுத்து வெளியே வர முடியாத கவுண்கள் இருந்தன. முகாமாக மாறியிருந்த பாடசாலை ஒன்றின் விறாந்தையில் பெண்கள் சிலர் அந்தக் கவுண்களைப் பிரித்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன வேண்டும் என்று கேட்டேன். “ஊசியும் நூலும் தந்தாப் போதும் மகள், மிச்சத்த நாங்க பாத்துக்குவம்” என்றார் ஒரு மூதாட்டி. அந்தக் கைகளின் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது தெரிவு அல்ல. எவரோ வேண்டாமென்று தள்ளியதைத் தனக்கு ஏற்றதாக ஆக்கியே தீர வேண்டிய நிலை.

யப்பானின் வடக்கே அவோமோரிப் பகுதியில் போரோ என்று ஒரு வகைத் துணி உண்டு. சொல்லின் பொருளே கந்தல் என்பதுதான். குளிரால் அங்கே பருத்தி விளையாது. சணல் துணியின் மேல், தெற்கிலிருந்து வந்த பழைய பருத்தித் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துத் தைத்து, தலைமுறை தலைமுறையாக ஏழை விவசாயிகள் உடுத்தார்கள், போர்த்தார்கள். வசதி வந்ததும் வெட்கப்பட்டு ஒளித்தார்கள், எரித்தார்கள். தனாக்கா சூசபுரோ என்ற சேகரிப்பாளர் வீடு வீடாகப் போய்த் திரட்டியதால் ஒரு பகுதி மிஞ்சியது. இன்று கலைக்கூடங்களில் போரோ தொங்குகிறது. நாகரிகக் கடைகளில் புதுத் துணியில் வேண்டுமென்றே ஒட்டுப்போட்டு உயர்ந்த விலைக்கு விற்கிறார்கள். ஒட்டு ஒன்றுதான், ஒருவருக்கு அது மானம் மறைத்தது, இன்னொருவருக்கு அது அலங்காரம். அலங்காரம் பாவமென்று நான் சொல்லவில்லை. ஆனால் மாற்றித் தைப்பதன் உயர்வைப் பற்றிப் பேசுகிற நாம், தெரிவு இருப்பதால்தான் அப்படிப் பேச முடிகிறது என்பதை மறக்கலாகாது. முகாம் விறாந்தையில் இருந்தவர்கள் அதை ஒரு தத்துவமாகச் சொல்லவில்லை. ஊசி கேட்டார்கள்.

தெரிவு உள்ளவர்களிடம் இன்னும் சில கேள்விகள் கேட்கப்பட வேண்டும். முதலாவது, யாருடைய பங்கை எடுக்கிறோம்? பழைய கடைகளில் பெரிய அளவு உடுப்பை வாங்கி, அதன் துணி கூடுதலாக இருப்பதால் வெட்டிச் சிறிதாக்கித் தைப்பது இளவயதினரிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. பருத்த உடம்பு கொண்ட பெண்ணுக்குக் கடையில் கிடைப்பதே சொற்பம். அதையும் மெலிந்தவர் வாங்கி வெட்டினால் அவள் எங்கே போவாள்? துணி மலிவு என்பது காரணமல்ல. மலிவாக இருப்பதை நம்பி வாழ்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதுதான் விடயம்.

இரண்டாவது, எவ்வளவு? பழையதை மாற்றித் தைக்கிறேன் என்ற எண்ணம், தேவைக்கு மேல் சேர்ப்பதற்கும் ஒரு சாட்டாகிவிடலாம். பழைய உடுப்பு இருபது சேர்த்து வைப்பவர் புதிய உடுப்பு இருபது சேர்ப்பவரை விட எளிமையானவர் என்று சொல்ல முடியுமா? கண்டமாண்டோவில் வியாபாரிகளும் தையற்காரர்களும் வரும் பொதியைப் பிரித்து, சாயமிட்டு, வெட்டித் தைத்து மீண்டும் விற்கிறார்கள். இந்தக் கலையில் உலகிலேயே கைதேர்ந்தவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். 2025 ஜனவரித் தொடக்கத்தில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் எரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழந்தார்கள். இவ்வளவு கைகள் மாற்றித் தைத்தும் மிஞ்சுகிற கழிவு அந்நாட்டின் கரைகளில் ஒதுங்குகிறது. மாற்றித் தைப்பதால் உலகம் காப்பாற்றப்படும் என்று எவராவது சொன்னால், அவரை அந்தக் கரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஊசி ஒரு உடுப்பைக் காப்பாற்றும். அளவு மீறிய உற்பத்தியை அது நிறுத்தாது.

மூன்றாவது, யாருடைய உழைப்பு? பழைய கவுணைப் பிரிக்கும்போது தைத்தவரின் கைத்திறனைப் புகழ்கிறோம். இன்றைய மலிவுச் சட்டையை அப்படிப் பார்ப்பதில்லை. ஆனால் அதையும் ஒரு பெண் தைத்தாள். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட காலம் முதல் நம் நாட்டுப் பெண்கள் எத்தனை தலைமுறையாக ஒரே தையலை நாள் முழுதும் தைத்து வருகிறார்கள்! பங்களாதேஷில் 2013 ஏப்ரல் 24இல் ரானா பிளாஸா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இப்படித் தைத்த பெண்கள். பழையது மதிப்புக்குரியது, புதியது குப்பை என்ற பிரிப்பில் ஓர் அநீதி இருக்கிறது. ஐம்பது வருடங்களுக்கு முந்திய தையற்காரிக்குக் காட்டும் மரியாதையை இன்று உயிரோடிருக்கும் தையற்காரிக்கு மறுக்கிறது அது. லண்டனில் ஒரு சட்டையைப் புரட்டி உள்ளே இலங்கையில் தயாரிக்கப்பட்டது என்ற லேபலைக் கண்ட நாள்களில், என் கை தானாகவே மெதுவாகும். அதுவும் ஒரு காலத்தில் பழையதாகும். அதையும் எவராவது பிரிப்பார்.

ஆக, கத்தரிக்கோலுக்கு முன் நான் எனக்கு வைத்துக்கொண்ட முறை இதுதான். ஒன்றே ஒன்றாக இருப்பதை, கதை தெளிவாகத் தெரிந்ததை, வெட்டுவதில்லை. பேணத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவேன். உடுக்க முடிகிற ஒருவர் அருகில் இருந்தால் அவருக்கே போகட்டும். மாற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் பிரித்துப் பார்ப்பேன். தையலை மாற்றிச் சரிவருமானால் துணியை வெட்ட மாட்டேன். குறுக்கு வெட்டில் தைத்தவற்றைத் தொடுவதில்லை. 1920களில் மடலின் வியோனே கையாண்ட அந்த முறையில் துணி உடம்பின் மேல் வழிந்து விழும், அதில் ஒரு துண்டை எடுத்தால் முழுதும் கோணிவிடும். சில பட்டுகள் எதற்கும் இடம் கொடுப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டுக்குப் பாரம் கூட்ட வெள்ளீய உப்புகளை ஏற்றினார்கள். அந்தப் பட்டு மடிப்புக்கு மடிப்பு தானாகவே பிளந்து உதிர்கிறது. அதை ஊசியும் காப்பாற்றாது, கண்ணாடிப் பெட்டியும் நெடுநாள் காப்பாற்றாது. காப்பாற்ற முடியாதவையும் உண்டு என்பதை ஏற்றுக்கொள்வதும் இந்தக் கலையின் ஒரு பாடம்.

என் மூத்தம்மாவிடம் தத்துவம் கேட்டால் சிரிப்பார். “உடுப்பு உடுக்கத்தான் புள்ள. பொட்டிக்குள்ள வெச்சா பாச்சைக்குத்தான் சாப்பாடு” என்பதே அவருடைய முடிவு. பழைய சாரி அவர் கையில் பிள்ளைக்கு ஏணையாகும், பிறகு யன்னல் சீலையாகும், கடைசியில் கைப்பிடித் துணியாகும். அவர் இன்னொன்றும் செய்வார். வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது உள்ளே துணி விட்டுத்தான் தைப்பார். பக்கத்தில் ஓர் அங்குலம், கீழே இரண்டங்குலம். அடுத்த பெருநாளைக்கு அவிழ்த்து விடலாம். அந்தப் பிள்ளைக்குப் போதாமல் போனால் இன்னொரு பிள்ளைக்கு ஆகும். 1950களின் கவுணை இன்று எனக்கு மாற்றித் தைக்க முடிவதும் எவரோ மூன்றங்குலம் உள்ளே விட்டதால்தான். இன்றைய மலிவு உடுப்பில் அந்த இடம் இல்லை. தையலோடு ஒட்டி நறுக்கிவிடுகிறார்கள், துணி மிச்சமாம்.

நாம் செய்யும் எதுவும் நம்மோடு முடிவதில்லை என்றால், நமக்குப் பின் வருபவருக்கு மாற்ற இடம் விட்டுச் செய்வதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்குக் கிடைத்ததை நாம் மாற்றினோம். நம்முடையதை மாற்றாதே என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆகவே நான் வெட்டிய துண்டங்களை எறிவதில்லை. ஒரு சிறிய பையில் போட்டு அந்த உடுப்போடேயே தொங்கவிடுகிறேன். பழைய லேபலைப் பழைய இடத்திலேயே வைத்துத் தைக்கிறேன். பக்கத் தையலில் ஓர் அங்குலம், கீழ்மடிப்பில் இரண்டங்குலம் உள்ளே விடுகிறேன். யாருக்காக என்று தெரியாது. அவருடைய உடம்பு எப்படியிருக்கும், அவருக்குக் கை நீளமா குட்டையா வேண்டும் என்பதும் தெரியாது. தெரியாததால்தான் இடம் விட வேண்டியிருக்கிறது.